சம்பளத்தோடு ஓர் ஆண்டு: கேட்கக் கூச்சமா?

கேள்வி: அம்மா, நான் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் இணைப் பேராசிரியை. 1876-78-இல் வந்த தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிப் பத்து ஆண்டுகளாகக் குறிப்புகள் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றைப் புத்தகமாக்க ஓர் ஆண்டு சபாட்டிகல், அதாவது ஆய்வுக்காகச் சம்பளத்தோடு தரும் விடுப்பு, கேட்கலாம் என்று நினைக்கிறேன். இணைப் பேராசிரியையாக வரும் ஜூனில் ஏழு ஆண்டுகள் நிறைவடைகின்றன. துறைத் தலைவரிடம் பேச்செடுத்தேன். "ஒரு வருடம் சும்மா இருக்கச் சம்பளமா? உங்கள் பேப்பர்களை யார் எடுப்பது?" என்றார். முனைவர் பட்டத்துக்காகப் படிப்பு விடுப்பில் போய் 2013-இல் திரும்பியவள் நான். அதனால் இனி எனக்குத் தகுதியே இல்லை என்கிறார் அலுவலகத்தில் ஒருவர். வீட்டிலோ ஒரே மகிழ்ச்சி. மகள் பிளஸ் டூ போகிறாள், மாமியாருக்கு மூட்டு அறுவை சிகிச்சை இருக்கிறது, நான் வீட்டோடு இருப்பேன் என்று. கேட்கலாமா, விட்டுவிடலாமா?

பதில்: கேளுங்கள். உங்கள் துறைத் தலைவரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. உங்கள் வீட்டாரின் மகிழ்ச்சிதான் வயிற்றைக் கலக்குகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அலுவலக நண்பர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் விடுப்புக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. படிப்பு விடுப்பில் போய்வந்தவர் திரும்பிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே சபாட்டிகலில் போக முடியும் என்பதுதான் அங்குள்ள தடை. நீங்கள் திரும்பியது 2013-இல். ஐந்து எப்போதோ கழிந்துவிட்டது. இன்னொரு நிபந்தனை, இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழு ஆண்டுகள் பணி. மொத்தப் பணிக்காலத்தை எண்ணிக்கொண்டு போய் மூக்குடைபட்டவர்கள் உண்டு. நீங்கள் சரியாகவே எண்ணியிருக்கிறீர்கள். ஆனாலும் பதவி உயர்வு உத்தரவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உத்தரவு கைக்கு வந்த தேதி ஒன்றாகவும், அது நடைமுறைக்கு வரும் தேதி அதற்கு ஓரிரு ஆண்டுகள் முந்தியதாகவும் இருப்பது நம் பல்கலைக்கழகங்களில் சகஜம். உங்கள் ஏழு ஆண்டுகள் ஏற்கெனவே முடிந்திருக்கவும் கூடும்.

விடுப்பு ஒரு தடவைக்கு ஓர் ஆண்டுக்கு மேல் இல்லை, பணிக்காலம் முழுவதற்கும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இல்லை. முழுச் சம்பளமும் படிகளும் உண்டு. ஆண்டு ஊதிய உயர்வும் உரிய தேதியில் வரும். திரும்பி வந்து பணியில் சேர்ந்தால் ஓய்வூதியத்துக்கும் அந்த ஆண்டு கணக்கில் சேரும். வேறு இடத்தில் நிரந்தர வேலை மட்டும் பார்க்கக் கூடாது. ஆய்வு உதவித்தொகை ஏதாவது கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அப்போது சம்பளத்தைக் குறைக்கும் அதிகாரம் நிர்வாகக் குழுவுக்கு உண்டு. ஆகவே லண்டனில் பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியா ஆபீஸ் ஆவணங்களைப் பார்க்க யாராவது பணம் தந்தால், அதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் நல்லதல்ல.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. ஒழுங்குமுறையில் இருக்கும் சொல் "வழங்கலாம்" என்பது. "வழங்க வேண்டும்" என்பது அல்ல. அந்த ஒரு "லாம்" விகுதியில்தான் உங்கள் துறைத் தலைவரின் பலம் இருக்கிறது. அதனால் அவரோடு மோதாதீர்கள். அவர் கேள்வியில் பாதி நியாயம் என்பதையும் மறக்காதீர்கள்.

நியாயமில்லாத பாதி, "சும்மா இருக்க" என்பது. இந்த விடுப்பு முதன்முதலில் முறையாகத் தொடங்கியது 1880-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் என்பார்கள். உங்கள் பஞ்சத்தை விசாரித்த கமிஷன் அறிக்கை தந்ததும் அதே ஆண்டில்தான், பாருங்கள். ஹார்வர்டில் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், லான்மன் என்ற சமஸ்கிருத அறிஞரைத் தம் பக்கம் இழுக்கப் போட்ட தூண்டில்களில் இதுவும் ஒன்றாம். நல்ல ஆசிரியரைப் பிடித்து வைத்துக்கொள்ள நிறுவனம் கொடுத்த விலை அது. ஓய்வுக்கான சலுகையாக அது பிறக்கவில்லை. சபாட்டிகல் என்ற பெயர் மட்டும் ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசு போடச் சொன்ன விவிலிய வழக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பெயர்தான் வினை. கேட்பவருக்கெல்லாம் தரிசு மட்டும் கண்ணில் படுகிறது.

நியாயமான பாதி, "யார் எடுப்பது" என்பது. நீங்கள் போனால் உங்கள் வகுப்புகள் ஆவியாகிவிடாது. ஒன்று, ஏற்கெனவே மூச்சு முட்டும் சக ஆசிரியர்கள் தலையில் விழும். அல்லது விருந்தினர் விரிவுரையாளர் ஒருவர் வருவார். அவருக்கு மானியக் குழு 2019-இல் நிர்ணயித்த தொகை ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000. அவரும் உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான நெட் தேறியவராகவோ முனைவர் பட்டம் பெற்றவராகவோ இருப்பார். அவர் மேசையிலும் எழுதாத புத்தகம் ஒன்று கிடக்கும். வகுப்பு எடுத்தால்தான் காசு என்கிற அவரிடம் போய் சபாட்டிகல் என்றால் என்ன சொல்வார்? உங்களைக் குற்ற உணர்வில் தள்ள இதைச் சொல்லவில்லை. நீங்கள் விடுப்பை விட்டுக்கொடுத்தால் அவருக்கு அது கிடைத்துவிடப் போவதில்லை. ஆனால் பாடத்திட்டம், குறிப்புகள், வினாத்தாள் மாதிரி எல்லாவற்றையும் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போவது உங்கள் கையில் இருக்கிறது. எந்தப் பேப்பரை எந்தப் பருவத்துக்கு மாற்றலாம், எதை யார் எடுக்கச் சம்மதித்திருக்கிறார் என்று ஒரு பக்கத்தில் எழுதித் துறைத் தலைவர் கையில் கொடுங்கள். மறுப்பவர்களில் பாதிப் பேர் மறுப்பது, அந்த ஒரு பக்கத்தைத் தாங்கள் எழுத வேண்டியிருக்குமே என்ற அலுப்பில்தான். உங்களிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்கள் இருந்தால் அவர்களுக்கு விடுப்பு இல்லை. பருவந்தோறும் ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்கு வந்துவிடுவேன் என்பதையும் அதிலேயே சேருங்கள்.

இனி வீடு.

எனக்கும் ஒரு சபாட்டிகல் கிடைத்தது. வீட்டிலேயே இருந்து எழுதலாம் என்று நினைத்தேன். முதல் வாரம் மேசையைத் துடைத்து, பேனாக்களை எல்லாம் எடுத்து வைத்தேன். இரண்டாம் வாரம் கியாஸ் சிலிண்டர் வந்தது, பிளம்பர் வந்தார், நாத்தனாரின் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். "அவள் வீட்டில்தானே இருக்கிறாள்" என்ற வாக்கியம் தெரு முழுக்கப் பரவியிருந்தது. பத்து மாதம் கழித்து ஒன்றரை அத்தியாயம் எழுதியிருந்தேன். மாங்காய் ஊறுகாய் மட்டும் அந்த ஆண்டு பிரமாதமாக அமைந்தது. திரும்பிப் போனதும் என்ன ஆய்வு செய்தேன் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த இரண்டு பக்கத்தை எழுதப் பட்ட பாடு, புத்தகம் எழுதியிருந்தால்கூடப் பட்டிருக்க மாட்டேன்.

அதனால் கையைப் பிடித்துச் சொல்கிறேன், ஊரைவிட்டுக் கிளம்புங்கள். ஆண்டு முழுவதும் வேண்டாம், முதல் மூன்று மாதமாவது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கால வருவாய் வாரிய நடவடிக்கைகளின் கட்டுகளைப் பிரித்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை உட்காருங்கள். நீங்கள் ஊரில் இல்லாமல் மூன்று மாதம் ஓடிவிட்டது என்றால், பிறகு நீங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாலும் யாரும் தட்ட மாட்டார்கள். அதற்குள் பழகியிருப்பார்கள்.

மகளின் பிளஸ் டூவுக்கு வேறு விடுப்பு இருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் பிள்ளை உள்ள பெண் ஆசிரியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலத்தில் இரண்டு ஆண்டுகள் வரை உண்டு. மத்திய அரசு ஊழியர் விதிப்படி முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். அதைத் தொட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சபாட்டிகலை ஓராண்டு தள்ளி வைத்து, தேர்வுக் காலத்துக்கு இந்த விடுப்பில் சில வாரம் எடுப்பது ஒரு வழி. ஆனால் மகளுக்குப் பதினெட்டு எப்போது நிறைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு மார்ச்சில், பிறந்த நாள் ஜனவரியில் என்றால் இந்தக் கணக்கு உதவாது. மாமியாரின் மூட்டுக்கு உங்கள் ஈட்டிய விடுப்பில் பதினைந்து நாள் கொடுங்கள். மீதி நாளை அவருடைய மகன் தம்முடைய விடுப்பிலிருந்து கொடுக்கட்டும். அவருக்கும் அலுவலகத்தில் விடுப்பு என்று ஒன்று இருக்கும்தானே?

ஜூனில் ஏழு நிறைகிறது என்றால், எந்த மாதம் எந்தக் காப்பகம், எந்த அத்தியாயம் என்ற வேலைத் திட்டத்தோடு விண்ணப்பம் பொங்கலுக்கு முன்பே துறையைத் தாண்டிப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். பதிவு எண் போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் கல்லூரி தேடி வரும் பிள்ளைகளின் கூட்டம் சென்னையில் அறைகளை நிரப்பிவிடும். அதற்கு முன்னால் எழும்பூர் அறைக்கு முன்பணம் கட்டிவிடுங்கள்.