கூரை ஷீட்டை விடியற்காலையில் ஒட்டலாமா?

கேள்வி: சாய்வு குறைந்த எங்கள் கான்கிரீட் கூரையில் ரப்பர் ஷீட் ஒட்டவிருக்கிறோம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட விடியற்காலையிலேயே தொடங்கலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். முன்பு ஒட்டிய ஷீட் சில மாதங்களிலேயே கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டதால் தயக்கமாக இருக்கிறது.

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது, விடியற்காலையில் தொடங்க விடாதீர்கள். மேகமற்ற இரவில் கூரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருப்பதால், சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்து, அதன்மேல் பனி ஈரம் படிகிறது. ஆகவே கைப்பேசி காட்டும் காற்றின் வெப்பநிலையை நம்பிப் பசை தடவுவதில் பொருளில்லை. கூரைப் பரப்பின் வெப்பநிலையைத்தான் அளக்க வேண்டும். காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட அது குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும்.

இவ்வகை ஷீட்டுக்கு வழக்கமாகப் பயன்படும் கரைப்பான் கலந்த பசையைத் தளத்திலும் ஷீட்டின் அடிப்புறத்திலும் தடவி, விரல் வைத்தால் பிசுபிசுத்தாலும் நூலாக இழுபடாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகே இரண்டையும் சேர்த்து உருளையால் அழுத்துவார்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு மேலும் குளிர்வதால், புழுக்கமான நாளில், உலர்ந்த தளத்தில் தடவிய பசையின்மேல்கூடக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து பிடிப்பைக் கெடுத்துவிடும். கொளுத்தும் வெயிலிலும் பலத்த காற்றிலும் நடப்பது வேறு: பாலில் ஏடு படர்வதுபோலப் பசையின் மேற்பரப்பு மட்டும் உலர்ந்து, கரைப்பான் அடியில் சிக்கிக்கொள்கிறது. அதுவோ, தளத்திலிருந்த ஈரமோ பின்னர் வெயிலில் ஆவியாகி விரியும்போதுதான் நீங்கள் பார்த்த கொப்புளம் எழுகிறது. எனவே வேலைக்கு முந்தின நாளே, 45 சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் தளத்தோடு ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அடியில் ஈரமோ கான்கிரீட்டில் கருமையோ தெரிந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

குளிர்காலமென்றால் தின்னரைக் கவனியுங்கள். ஏறத்தாழ 5 டிகிரிக்குக் கீழே இத்தகைய பசைகள் பலவற்றைத் தடவக் கூடாது. அதற்கு முன்பே பசை கெட்டிப்பட்டு உருளைக்கு மசியாமல் போகும். அப்போது டப்பாவில் தின்னரை ஊற்றிக் கலக்கும் உள்குத்தகைக்காரருக்கு இரட்டை லாபம்: வேலையும் ஓடுகிறது, ஒரு டப்பா இரண்டு டப்பாவின் பரப்புக்கும் வருகிறது. உங்களுக்குக் கிடைப்பதோ உலரத் தாமதமாகும், பிடிப்பில்லாத மெல்லிய பூச்சு. டப்பாக்களை முந்தின இரவே கதகதப்பான அறையில் வைத்திருந்தால் தின்னருக்கே வேலையில்லை. நெருப்பில் காட்டிச் சூடாக்குவது தீவிபத்தை அழைப்பதாகும்.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைக் காட்டித்தான் பலர் ஏமாற்றப்படுகிறார்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகும் ஒற்றைக் கலவைப் பாலியூரித்தேன் பசைகள் உண்டு. வறண்ட காற்றில் அவை இறுகத் தாமதமாகும் என்பது உண்மை. ஆனால் அவற்றுக்குத் தேவையானது காற்றிலுள்ள நீராவி, தளத்தில் தேங்கிய நீர் அன்று. நீர் மிகுந்தால் பசை கரியமில வாயுவை வெளியிட்டு நுரைத்து, உள்ளே வெற்றிடங்களை விட்டுவிடும். ‘ஈரமிருந்தால்தான் இது பிடிக்கும்’ என்று சொல்லி நனைந்த தளத்தில் ஒருவர் பசை ஊற்றினால், டப்பாவின்மேல் அச்சிட்டுள்ள குறிப்பை அவரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சாதாரணக் கரைப்பான் பசைக்கு இந்தச் சலுகை அறவே இல்லை.

இத்தனைக்கும் ஒப்பந்தங்கள் எழுதப்படும் முறையே தடையாக நிற்கிறது. தாமதமான நாளுக்கு அபராதம் உண்டு. தளம் உலரக் காத்திருந்த நாளுக்குக் கூலி கிடையாது. மேற்பார்வையாளரோ ஷீட் விரித்து முடிந்த பிறகு வந்து, மேலே நடந்து பார்த்துக் கையெழுத்திடுகிறார்; அடியில் எந்த ஈரம் இருந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆதலால் ஈரம் உலரக் காத்திருக்கும் நாள்களுக்கு அபராதமில்லை என்றும், ஒவ்வொரு பகுதியிலும் பசை தடவும் முன் பரப்பின் வெப்பநிலை, பனிநிலை, நேரம் ஆகியவற்றைக் குறித்து உங்களிடம் தர வேண்டும் என்றும் முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.