குடிநோய்ச் சிகிச்சை: ஆலோசகரின் தகுதியும் காப்பீட்டுக் கோரிக்கையும்

கேள்வி: குடிப்பழக்கத்திலிருந்து மீள என் கணவர் ஒரு மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றார். ஆலோசனை வழங்கியவரின் தகுதியை எப்படி அறிவது? காப்பீட்டில் செலவைக் கோர முடியுமா?
— வாசகி, மதுரை

பதில்: 'ஆலோசகர்' என்ற பலகையை எவரும் மாட்டிக்கொள்ளலாம் என்பதே இத்துறையின் பெரும் வேதனை, சகோதரி. மருத்துவ உளவியலாளர் என்று ஒருவர் கையொப்பமிட்டால், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவெண் அவரிடம் இருக்க வேண்டும்; அதைத் தயங்காமல் கேளுங்கள். மருந்து எழுதும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே உண்டு. மையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

காப்பீட்டில்தான் சிக்கல். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோயின் வரையறைக்குள் சேர்த்து, உடல்நோய்க்கு நிகராகக் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. ஆயினும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விலக்குகளின் (காப்பீடு பொருந்தாதவற்றின்) பட்டியலில் 12ஆவதாக, குடி மற்றும் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை இடம்பெற்றிருப்பதால், பல நிறுவனங்கள் அதைக் காட்டியே மறுக்கின்றன. இந்த முரண்பாடு நியாயமற்றது என்பதே என் உறுதியான கருத்து.

'மறுவாழ்வுக் கட்டணம்' என்று ஒரே வரியில் எழுதிய ரசீதை ஏற்காதீர்கள். படுக்கை, மருந்து, பரிசோதனை, ஆலோசனை ஒவ்வொன்றும் தேதியோடும், சிகிச்சை அளித்தவரின் பெயர், பதிவெண்ணோடும் தனித்தனியே இருக்கட்டும். மனச்சோர்வு போன்ற வேறு நோயும் உண்மையிலேயே கண்டறியப்பட்டிருந்தால், விடுவிப்புச் சுருக்கத்தில் (டிஸ்சார்ஜ் சம்மரி) அது பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். மறுப்புக் கடிதம் வந்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடமும், பின்னர் கட்டணமின்றிக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். கணவருக்கு மீண்டும் தடுமாற்றம் ஏற்பட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண்ணான 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.