எண்ணூர் மட்டி: கேட்டதும் சொன்னதும்

காட்டுக்குப்பம்: அண்ணா, அலையாத்திச் செடியோரம் கிடைக்கிற மட்டி சிறிசு, முகத்துவாரத்தில் பெரிசு. ஏன்?

தம்பி, மட்டி ஓட்டுக்குள் வாழும் சிப்பி வகை, தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் தின்னும். செடியோரம் மேடு. தண்ணீர் வற்றினால் மணிக்கணக்கில் வாயை மூடிக் கிடக்க வேண்டும். இலை மக்குவதால் அங்கே தீனிக்குப் பஞ்சமில்லை, தின்ன நேரம் வேண்டுமே! அப்புறம் மண். நாம் அள்ளும் மட்டிக்கு மணல் கலந்த தரைதான் தோது. களிச்சேறு செவுளில் ஏறினால் அதைத் துப்பவே பாதிப் பொழுது போய்விடும். ஒரே இடத்தில் நெருங்கிக் கிடந்தாலும் வளராது. ஆகவே சிறிசெல்லாம் குஞ்சு என்று நினைக்காதீர்கள், கிழமாகவும் இருக்கலாம்.

திருவொற்றியூர்: ஓட்டு வரியை எண்ணினால் வயசு தெரியுமாமே?

பனி பெய்கிற ஊர்களில் குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று வரி விழும், எண்ணலாம். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் கொசஸ்தலையாறு நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது மட்டி வாய்மூடும், ஒரு வரி விழும். முட்டை விடும்போது இன்னொன்று விழலாம். வரியை நம்பாதீர்கள். ஓட்டில் அரத்தால் லேசாகக் கீறி, வலைக்கூடையில் போட்டு, மாதாமாதம் அளந்து பாருங்கள்.

காசிமேடு: 2 செ.மீ. மட்டியை அள்ளினால் என்ன நஷ்டம்?

நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்! கேரளத்தில் அஷ்டமுடிக் காயலில் 30 மி.மீ. கண்ணி வலை, முட்டை விடும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தடை என்று கட்டுப்பாடு வைத்தார்கள். 2014இல், வளம் கெடாமல் அள்ளுகிறார்கள் என்று உலகச் சான்றிதழே கிடைத்தது. அது வேறு இன மட்டிதான், ஆனால் நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்பது என் கட்சி.

தண்டையார்பேட்டை: பெரிய மட்டியிலும் சதை இல்லையே, மட்டி விற்ற அக்கா ஏமாற்றிவிட்டாரா?

பாவம் அவர். முட்டை விட்ட மட்டி இளைத்துத்தான் இருக்கும்.

மணலி: ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் போட்டால் சுத்தமாகிவிடுமா?

மணல் போகும். அனல்மின் நிலையச் சாம்பல் தண்ணீரில் வந்த உலோகம் ஒரு ராத்திரியில் போகாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்ததிலிருந்து கழிமுகத்து மட்டியை நான் தொடுவதில்லை, பழவேற்காட்டுச் சரக்கு வந்தால்தான்.

எர்ணாவூர்: உடைத்தால் ரத்தம் மாதிரி வருகிறது, கெட்டதா?

மேலே கீற்றுக் கீற்றாக வரப்பு இருந்தால் அது ரத்த மட்டி. நம் ரத்தத்தைப் போலவே அதற்கும் சிவப்பு. தட்டியும் வாய் மூடாததைத்தான் தூக்கி எறிய வேண்டும்.