முதல் தடவை ஜப்பான் போறோம், 10 நாள்தான் லீவு, எந்தெந்த ஊர் போகலாம்?

10 நாள்னா ஊர் எண்ணிக்கையைக் குறைங்க. டோக்கியோ 4 ராத்திரி, கியோட்டோ 4 ராத்திரி, மிச்சத்துக்கு ஹிரோஷிமாவோ கனசாவாவோ ஏதாவது ஒண்ணு, அவ்ளோதான். ஹொக்கைடோ, ஒகினாவா ரெண்டும் ரெண்டு கோடில இருக்கு, இந்த தடவை விட்ருங்க.

நாராக்கும் ஒசாகாக்கும் தனி ரூம் போட வேண்டாம், கியோட்டோல இருந்தே காலைல போய்ட்டு ராத்திரி வந்துடலாம், நாரா முக்கால் மணி நேரம்தான். அங்க பார்க்ல மான் சும்மா சுத்திக்கிட்டு இருக்கும், பிஸ்கட்ட காட்டுனா தலையக் குனிஞ்சு கும்பிடு போடும், குடுக்க லேட்டானா சட்டையக் கடிச்சு இழுக்கும், அதனால துப்பட்டா ஜாக்கிரதை! கியோட்டோல இருக்கற ஃபுஷிமி இனாரி கோயில் 24 மணி நேரமும் திறந்திருக்கும், விடியக்காலைல போங்க, 10 மணிக்கு மேல ஒரே திருவிழாக் கூட்டம்.

எல்லாரும் ஜேஆர் பாஸ் (டூரிஸ்ட்டுங்க குறிப்பிட்ட நாளுக்கு ரயில்ல எத்தனை தடவை வேணா போற டிக்கெட்) வாங்குன்னு சொல்வாங்க, கேக்காதீங்க. 2023 அக்டோபர்ல 7 நாள் பாஸ் 29,650 யென்லேருந்து 50,000 ஆயிடுச்சு, டோக்கியோ-கியோட்டோ ஷின்கான்சென் (புல்லட் ரயில்) ஒரு பக்கம் சுமார் 14,000தான், நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க. டோக்கியோல இறங்கி ஒசாகாலேருந்து ரிட்டர்ன் ஃப்ளைட் போட்டா டோக்கியோக்குத் திரும்பி வர்ற செலவும் மிச்சம்.

சைவமா? அப்போ ஒசாகாக்குத் தெற்கால இருக்கற கொயாசான் மலைல ஒரு ராத்திரி கோயில்லயே தங்குங்க, சாப்பாடு சுத்த சைவம். மத்த இடத்துல காய்கறி சூப்புன்னு நம்பிக் குடிச்சா அதுலயும் பெரும்பாலும் மீன் வேகவெச்ச தண்ணி இருக்கும்.