உள்ளங்கைக்குள் மோரியா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சினிமாவிலிருந்து வந்த வீடியோ கேம்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி டூ டவர்ஸ்' கேமின், டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் 2 வடிவத்தைவிட, கையில் பிடித்து ஆடும் கேம்பாய் அட்வான்ஸில் வந்ததுதான் நல்லது என்று. படித்ததும் சிரித்துவிட்டேன். பிளேஸ்டேஷனில் படத்தின் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படியே கேமாக மாறும், நடிகர்களின் குரல் வரும். கேம்பாயில் எறும்பு எறும்பாக ஏதோ ஊர்கிறது. சின்ன வயதில் ஆடியது என்கிற பாசம்தானே இது? இன்னொன்று, முதல் படத்துக்கு ஏன் இப்படி ஒரு கேம் வரவில்லை? என் தங்கை மகன் பழைய கேம்களைத் தேடித்தேடி ஆடுகிறான், அவனிடம் இதைச் சொல்லலாமா?

ச., கோவை

அன்புள்ள ச.,

பாசம் என்று பார்த்தால் எனக்கு அது பிளேஸ்டேஷன் வடிவத்தின்மேல்தான் இருக்க வேண்டும், முதலில் ஆடியது அதைத்தான். ஆரம்பத்தில் கதையின் வில்லனான சௌரோனுக்கு எதிரான அந்தப் பழைய போர்க்காட்சி ஓடும்போது படம் எங்கே முடிந்தது, நம் கை எங்கே தொடங்கியது என்றே தெரியாது. 2002இல் அது நிஜமாகவே வாயைப் பிளக்க வைத்த வித்தை, மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தையைக் காட்டுவதற்காகவே ஒவ்வொரு கட்டமும் படம் போன வழியிலேயே போகிறது. நீங்கள் வெட்டுகிறீர்கள், நகர்கிறீர்கள், அடுத்த படத்துண்டு வருகிறது. வலது பக்கம் ஒரு சந்து தெரிகிறதே, போய்ப் பார்க்கலாமா என்றால் அங்கே அநேகமாகச் சுவர்தான்.

கேம்பாய் அட்வான்ஸில் அதைச் செய்ய வழியே இல்லை. 240க்கு 160 புள்ளிகள் கொண்ட திரை, 17 மெகாஹெர்ட்ஸுக்கும் கொஞ்சம் குறைவான வேகத்தில் ஓடும் சிப், கேம் இருக்கும் கார்ட்ரிட்ஜில் வழக்கமாக அதிகபட்சம் 32 மெகாபைட். மூன்று மணி நேரப் படத்திலிருந்து எதை எடுத்து அதற்குள் திணிப்பது? (பிற்பாடு கார்ட்டூன்களையும் கடைசியில் முழுப்படத்தையுமே கார்ட்ரிட்ஜில் போட்டு விற்றார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி இருக்கும்.) ஆகவே இதைச் செய்த கிரிப்டோனைட் ஸ்டுடியோவுக்குப் படத்தைக் காட்டும் வேலையே இல்லாமல் போனது. பெரிய கருவிக்கான வடிவத்தை ஸ்டார்ம்ஃப்ரண்ட் என்ற வேறொரு ஸ்டுடியோ செய்தது, இரண்டையும் வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். பெயர் ஒன்றுதானே தவிர இரண்டும் வேறு வேறு கேம்.

கிரிப்டோனைட் எடுத்துக்கொண்டது 'டியாப்லோ' என்ற பிரபல கேமின் பாணி. மேலே இருந்து சாய்வாகப் பார்க்கும் கோணம், கூட்டமாக வரும் ஆர்க்குகள் என்ற அரக்கர்கள், செத்தவன் விட்டுப்போகும் வாளோ கவசமோ, லெவல் ஏறியதும் எந்தத் திறமையில் புள்ளியைப் போடுவது என்ற யோசனை. அரகார்ன், லெகோலாஸ், கந்தால்ஃப், ஃப்ரோடோ, எயோவின் என்று ஐந்து பேர், ஒவ்வொருவருக்கும் கதையில் அவரவர் பாதை. பிளேஸ்டேஷனில் கந்தால்ஃபையோ எயோவினையோ எடுத்துக்கொண்டு ஆட முடியாது. இரண்டாவது படத்தில் ஹெல்ம்ஸ் டீப் போர் நடக்கும்போது எயோவின் பெண்களோடும் குழந்தைகளோடும் குகைக்குள் அனுப்பப்படுகிறாள், வாளைச் சுழற்றத் தெரிந்தும். கேம்பாயில் அவள் கையில் வாளைக் கொடுத்து வெளியே விட்டார்கள். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இதே ஸ்டுடியோ முந்தைய வருடம் கேம்பாய் கலருக்காகச் செய்த முதல் ஹாரி பாட்டர் கேமும் இப்படித்தான். பெரிய கருவிகளில் வந்தது ஓடு, தாவு, மந்திரம் போடு வகை. அதைவிடப் பலவீனமான கருவியில் இவர்கள் முறைவைத்து மந்திரம் போட்டுச் சண்டையிடும் ஆர்பிஜி (பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே ஆடும் வகை) ஒன்றைச் செய்துவிட்டார்கள். படம் மாதிரி தெரிய வைக்க முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டால் மிச்ச நேரமெல்லாம் ஆட்டத்துக்குப் போகும் என்பது என் கட்சி.

சரி, குறை இல்லையா என்றால் நிறைய இருக்கிறது. அடி, பொறுக்கு, அடி, பொறுக்கு என்று சீக்கிரமே ஒரே தாளத்துக்கு வந்துவிடும். ஃப்ரோடோ விஷயம் இன்னும் மோசம். கதை முழுக்க ஒளிந்தும் தவழ்ந்தும் போகிற, கருணையாலேயே காரியம் ஆகிற ஒரு ஆள், இங்கே டஜன் கணக்கில் ஆர்க்குகளை வெட்டிச் சாய்த்துவிட்டு அவன்கள் விட்டுப்போனதைப் பொறுக்கிக்கொண்டு நடக்கிறான். இந்தப் பாணியை எடுத்துக்கொண்டால் இதிலிருந்து தப்பிக்க முடியாது, அதற்காகச் சும்மா விட்டுவிடவும் முடியாது.

எறும்பு என்று சொன்னீர்களே, அது பாதி நியாயம். முதல் கேம்பாய் அட்வான்ஸ் திரைக்கு உள்ளே விளக்கு கிடையாது. கேம் வந்தது 2002 நவம்பரில், விளக்கு வைத்த எஸ்பி மாடல் வந்தது 2003இல். அதாவது வெளிவந்த சமயத்தில் வாங்கியவர்கள் மோரியா சுரங்கத்தின் இருட்டை ஜன்னலோரமோ டேபிள் விளக்குக்குக் கீழோ உட்கார்ந்து, கருவியை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்து ஆடினார்கள். அவர்களுக்கு எறும்புகூடத் தெரிந்திருக்காது.

முதல் படத்துக்கு ஏன் இல்லை என்பதற்கு உரிமைச் சிக்கல்தான் பதில். அப்போது படங்களின் கேம் உரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்தது, டோல்கீனின் மூல நாவலுக்கான கேம் உரிமை விவெண்டி என்ற இன்னொரு நிறுவனத்திடம் இருந்தது. விவெண்டி அதே 2002இல் நாவலை வைத்து 'தி ஃபெல்லோஷிப் ஆஃப் தி ரிங்' என்று தனியாக ஒரு கேம் விட்டது. படத்தில் வரும் முகங்களை விவெண்டி தொடக்கூடாது, நாவலில் மட்டும் இருப்பதை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தொடக்கூடாது. படத்தில் இல்லாத டாம் பாம்பாடில் என்ற நாவல் பாத்திரம் விவெண்டியின் கன்சோல் (டிவியில் மாட்டும் கருவி) வடிவத்தில் வருவது அதனால்தான். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் முதல் படத்தின் சம்பவங்களையும் சேர்த்து 'டூ டவர்ஸ்' என்ற ஒரே பெயரில் கொடுத்துவிட்டது, ஆகவே நீங்கள் தேடும் கேம் இதற்குள்ளேயே இருக்கிறது. விவெண்டி வடிவமும் கேம்பாய் அட்வான்ஸில் வந்தது, அது முறைவைத்துச் சண்டையிடும் வகை. பிழைகளுக்குப் பேர்போனது, தங்கை மகன் கண்ணில் அது பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்து இதுதான் முதல் பாகம் என்று அவன் அதில் தொடங்கினால் இந்தப் பக்கமே வரமாட்டான்.

அவனிடம் தாராளமாகச் சொல்லலாம். லெகோலாஸில் தொடங்கச் சொல்லுங்கள், வில் இருப்பதால் தூரத்திலிருந்தே சமாளிக்கலாம். கந்தால்ஃப் அப்புறம். கூட ஆட யாராவது இருந்தால் 2003இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' இன்னும் நல்ல தேர்வு. அதையும் கிரிப்டோனைட்தான் செய்தது, கிம்லியும் சாமும் சேர்ந்துகொள்கிறார்கள், லிங்க் கேபிள் மாட்டி இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். எமுலேட்டரில் (பழைய கருவியைப் போல நடிக்கும் கணினி மென்பொருள்) ஒருவர் ஆடப் பிரச்சினை இல்லை, கேபிள் ஆட்டத்தை அதில் அமைப்பது கொஞ்சம் தலைவலி. பழைய எஸ்பி இரண்டு கிடைத்தால் வாங்குங்கள், பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.