எமனுக்கும் நாய் உண்டு

கேள்வி: மகன் ஓர் ஆங்கிலக் கதையைத் தமிழாக்கிப் பள்ளிக்கூடச் சஞ்சிகைக்குக் கொடுக்கப் போகிறான். அதில் 'ஹெல்ஹவுண்ட்' என்று ஒரு நாய் வருகிறது. கறுத்த உடம்பு, கண்ணில் நெருப்பு. 'பேய்நாய்' என்று எழுதியிருக்கிறான். சரியா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: பேய்நாய் என்ற சொல் அகராதியிலேயே இருக்கிறது. ஆனால் பொருள் வெறிநாய். நாங்கள் விசர்நாய் என்போமே, அதுதான். போதாததற்கு எங்கள் பக்கத்தில் பேயன் என்றால் மடையன். ஆகவே மகனுடைய நாய், வாசிப்பவர் கண்ணுக்கு ஒன்றில் கடிபட்டால் ஊசி போடவேண்டிய நாயாகத் தெரியும், இல்லாவிட்டால் மொக்கு நாயாகத் தெரியும். இரண்டுக்கும் யாரும் நடுங்கமாட்டார்கள்.

'நரகநாய்' என்று எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லில் இருப்பதும் நரகமும் வேட்டைநாயும்தான். இங்கிலாந்தில் பங்கி என்ற ஊரின் தேவாலயத்துக்குள் 1577 ஆகஸ்டில், இடிமழைக்கு நடுவே ஒரு கரிய நாய் பாய்ந்து ஆட்களைக் கொன்றதாகக் கதை உண்டு. உங்கள் மகனுடைய நாய் அந்த வம்சமாக இருக்கவேண்டும். வேல்ஸ் நாட்டுக்காரரின் மறுலோக நாய்களோ வெள்ளை நிறம், காது மட்டும் சிவப்பு. கிரேக்கரின் செர்பெரசுக்கு மூன்று தலை; ஹெசியட் என்ற பழம்புலவர் ஐம்பது தலை என்கிறார்.

எங்களிடமும் நாய்கள் இல்லாமல் இல்லை. பாகவதத்தின் ஐந்தாம் கந்தத்தில் வரும் நரகங்களில் ஒன்றுக்குப் பெயர் சாரமேயாதனம். சாரமேயம் என்றால் நாய். அங்கே வச்சிரம் போன்ற பல்லுடைய 720 நாய்கள் ஆளைக் கடித்துத் தின்னும். யாருக்கு இந்தத் தண்டனை? தீ வைத்தவருக்கு, நஞ்சு கொடுத்தவருக்கு, ஊர்களைக் கொள்ளையடித்தவருக்கு. அதைச் செய்தது அரசனாக இருந்தாலும் அரசனுடைய ஆட்களாக இருந்தாலும் விலக்கு இல்லை என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. இலங்கையின் கிழக்கில் இருந்துகொண்டு இந்தப் பட்டியலை வாசித்தபோது, 720 நாய் காணுமா என்றுதான் எனக்கு யோசனை வந்தது.

கேள்வி: அப்படியென்றால் எமனுடைய நாய்களும் நரகநாய்கள்தானா? வைரவருடைய நாயையும் அப்படிச் சொல்லலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இரண்டும் கூடாது. வைரவர் நாயைப் பற்றி அப்படி எழுதிவிட்டுக் கோயிலடிப் பக்கம் போய்ப் பாருங்கள், வடைமாலை சாத்த வந்த ஆச்சிமார் உங்களை விடமாட்டார்கள். அது சுவாமியின் வாகனம். செய்யுளில் சொல்வதானால் ஞமலி, ஞாளி என்று நல்ல பழஞ்சொற்கள் இருக்கின்றன.

எமனுடைய நாய்கள் காவல்காரர். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், 14ஆம் பாட்டில் வருகின்றன: சரமை என்ற தேவலோகத்து நாயின் பிள்ளைகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு கண், புள்ளி விழுந்த உடம்பு. செத்தவனைப் பார்த்து முதலில், 'அந்த நாய்களைத் தாண்டி நல்ல வழியால் ஓடிப்போ' என்கிறது பாட்டு. அடுத்த மூச்சில் எமனிடம் திரும்பி, 'வழி காக்கும் உன் நாய்களிடம் இவனை ஒப்படை, இவனுக்கு நலம் கொடு' என்று கேட்கிறது. பயமும் அடைக்கலமும் ஒரே நாயிடம்! இப்படிப்பட்டதை நரகநாய் என்று எழுதினால் பாதிப் பொருள் போய்விடும். 'எமநாய்' என்றால் போதும்.

நாலு கண் என்றதும் ஏதோ விபரீதப் பிறவி என்று நினைக்கவேண்டாம். எங்கள் தெருமுனை வைரவர் கோயிலடியில் ஒரு கறுப்பு நாய் படுத்திருக்கும். கண்ணுக்கு மேலே, புருவம் இருக்கவேண்டிய இடத்தில், மண்ணிறத்தில் இரண்டு பொட்டு. அது நன்றாக நித்திரை கொள்ளும்போதும் மேலே இரண்டு கண் விழித்திருப்பது போலவே தெரியும். செருப்பைக் கழற்றும் பிள்ளைகள் அது முழிப்பென்று நினைத்துச் சுற்றிப் போகிறார்கள். பார்சிகளின் மரணச் சடங்கில் பிரேதத்தை நாய்க்குக் காட்டுவது வழக்கம். அதற்கு அவர்களுடைய பழைய நூல் கேட்பதும் 'நாலுகண்' நாயைத்தான். இந்தப் பொட்டுகளையே அப்படிச் சொன்னார்கள் என்பது அறிஞர் பலரின் விளக்கம். வேதத்து நாய்க்கும் அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

கேள்வி: இரவில் நாய் ஊளையிட்டால் செத்தவீடு வரும் என்கிறார்களே?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: அதே பாட்டில் எமனுடைய நாய்கள் மனிதருக்கு நடுவே திரிகின்றன என்றும் வருகிறது, ஆகவே நம்பிக்கை பழையதுதான். ஆனால் கோயிலில் சங்கு ஊதினாலும் எங்கள் தெரு நாய்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிடுகின்றன. அது தினமும் நடக்கிறது.