எங்கட படிப்பும் அரசாங்கமும் பிள்ளையளைச் சொந்தக் காலில நிக்கப் பழக்குதா, மற்றவையில தங்கியிருக்கப் பழக்குதா?

இந்தக் கேள்வியைக் கேட்ட நீங்கள் அநேகமா பட்டம் முடிச்சிட்டு வீட்டில இருக்கிற பிள்ளையாத்தான் இருக்கவேணும். நானும் அப்பிடி இருந்தவன். எங்களைக் காத்திருக்கத்தான் பழக்கினவை.

இலவசக் கல்வியை நான் குறை சொல்லேல்லை. 1945இல இலங்கையில அது வராட்டி, வெங்காயத் தோட்டம் செய்த மனுசன்ர பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிச்சிருக்காது. இதைப் பிடிச்சுக்கொண்டு ஆரும் சண்டைக்கு வரவேண்டாம்.

2017இல யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால வேலையில்லாப் பட்டதாரிகள் மாசக்கணக்கா இருந்த போராட்டத்தில நானும் இருந்தனான். வேலை கேட்டது பிழையெண்டு இண்டைக்கும் சொல்லமாட்டன். ஆனா நாங்களே ஏதாவது தொடங்குவம் எண்ட நினைப்பு எனக்கு ஒருநாளும் வரேல்லை. ஐஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில்ல இருந்து ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) வரைக்கும் ரியூட்டரி நோட்ஸைப் பாடமாக்கினவனுக்கு எங்கயிருந்து வரும்? "கோழி மேய்ச்சாலும் கவுண்மேந்தில மேய்க்கவேணும்" எண்டு சொல்லிச் சொல்லித்தான் அம்மம்மா வளர்த்தவ.

2020இல எங்களை அரசாங்கத்தில பட்டதாரிப் பயிலுநரா எடுத்தவை. மாசம் 20,000 ரூபா. போட்ட கந்தோரில எங்களுக்குக் கதிரை இல்லை. காலமை வரவுப் புத்தகத்தில கையெழுத்து வைச்சிட்டு, ஆர் லீவோ அவற்ற கதிரையில போய் இருப்பம். சும்மா இருக்கேலாமல், பனை ஓலையில பின்னுற பன்னவேலை செய்யிற பொம்பிளையளின்ர விபரத்தை வீடு வீடாப் போய் எடுத்து, அவையின்ர பெட்டி, கடகத்தைக் கொழும்புக் கடையளுக்கு அனுப்பலாம் எண்டு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தன். மேலதிகாரி முதல் வரியைத் தாண்டேல்லை. "தம்பி, கேட்டதை மட்டும் தாரும்" எண்டு கோப்புக்குக் கீழ வைச்சிட்டார். அதுக்குப் பிறகு நான் ஒண்டும் எழுதிக் குடுக்கேல்லை.

என்ர தம்பிக்கு ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) சரிவரேல்லை. சுன்னாகத்தில தண்ணி இறைக்கிற மிசின் திருத்திறான், ரெண்டு பெடியளுக்குச் சம்பளம் குடுக்கிறான். அவனுக்குப் பொம்பிளை கேட்டுப் போனா "அரசாங்க உத்தியோகமோ?" எண்டுதான் முதல் கேள்வி. எனக்கோ அந்த 20,000 ரூபா வந்த மாசமே தரகர் படலையைத் தட்டினவர். கையில தொழில் உள்ளவனை இப்பிடி ஒதுக்கிற சனத்தை நினைச்சா எனக்கு வயிறு எரியுது. இது நீங்கள் கேட்ட கேள்வி இல்லைத்தான், ஆனாலும் சொல்லாமல் விடேலாது.

போன கிழமை தம்பி வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதித் தரச்சொல்லிக் கேட்டான். பேர், முகவரி எல்லாம் வடிவா நிரப்பினன். "அடுத்த மூண்டு வருசத்தில என்ன செய்யப்போறியள்" எண்ட இடத்தில பேனை நிண்டிட்டுது. அவன் கிறீஸ் கையைத் துடைச்சுக்கொண்டு ஒவ்வொண்டாச் சொன்னான். நான் எழுதினன்.